புது ஆன்டிபயாட்டிக் ஊசி ஒன்று 4,200 ரூபாய், கண்டுபிடிக்கிற கம்பெனி மட்டும் திவால்: இது எந்த ஊர்க் கணக்கு?

மஞ்சள்மண்டி (ஈரோடு)

வணக்கம். எனக்கு மருந்து விஷயம் எதுவும் தெரியாது. தொழில் மஞ்சள் கமிஷன் மண்டி.

அப்பாவுக்கு 71 வயது. போன மாதம் சிறுநீரில் தொற்று என்று கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்றாம் நாளே ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள். மெரோபெனம் என்ற ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை. அப்புறம் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. கிருமியின் பெயர் கிளெப்சியெல்லாவாம். அதற்குக் கீழே இடது பக்கம் மருந்துகளின் பெயர், வலது பக்கம் மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர் என்று ஒரே எழுத்து. ஆர் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கேட்காது என்றார் டாக்டர். சின்ன வயதில் என் ராங்க் கார்டில்கூட இத்தனை சிவப்பு இருந்ததில்லை.

கடைசியில் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்று ஒரு ஊசி, கூடவே அஸ்ட்ரியோனாம் என்று இன்னொன்று. முதலாவது மட்டும் ஒரு குப்பி 4,200 ரூபாய். ஒரு நாளைக்கு மூன்று, பத்து நாள். அதுவே 1,26,000.

காசைப் பற்றிப் புலம்ப வரவில்லை. ஐசியூ வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து போனில் படித்ததில் ஒன்று மண்டையைக் குடைகிறது. இந்த மாதிரிப் புது ஆன்டிபயாட்டிக் கண்டுபிடிக்கிற கம்பெனிகள் திவாலாகின்றனவாம், பெரிய கம்பெனிகள் இந்தத் தொழிலையே விட்டுப் போகின்றனவாம். எங்கள் மண்டியில் சரக்கு குறைந்து தேவை கூடினால் விலை ஏறும். விலை ஏறினால் அடுத்த வருஷம் ஊரே மஞ்சள் போடும். இங்கே தேவை இருக்கிறது, விலையும் இருக்கிறது, ஆனால் போடுகிறவன் ஓடுகிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பங்குப்பித்தன்

ரொம்ப எளிது நண்பரே. குணமாக்கும் மருந்தில் லாபம் இல்லை, காலம் முழுக்கச் சாப்பிடும் மருந்தில்தான் லாபம். கிலியட் கம்பெனியைப் பாருங்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் வாங்கினார்கள். ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். பெரும்பாலானவர்களுக்கு நோய் அடியோடு போய்விடுகிறது. 2015ல் ஹெபடைடிஸ் சி மருந்துகளில் மட்டும் சுமார் 1,900 கோடி டாலர் விற்பனை. 2018ல் 400 கோடிக்கும் கீழே. போட்டி மருந்துகள் வந்தது ஒரு காரணம், நோயாளிகள் குணமாகி வாடிக்கையாளர் குறைந்தது இன்னொரு காரணம். அந்த வருஷம் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கியின் ஆய்வறிக்கை ஒன்று, நோயாளியைக் குணப்படுத்துவது நிலைத்து நிற்கிற வியாபாரமா என்று வெளிப்படையாகவே கேட்டது.

ஆன்டிபயாட்டிக் கம்பெனிப் பங்கு யாராவது டிப்ஸ் கொடுத்தால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பழைய_ஸ்டாக்கிஸ்ட் (திருச்சி)

மஞ்சள்மண்டி தம்பி, அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.

திருச்சியில் 31 வருஷம் மருந்து மொத்த வியாபாரம் பார்த்தேன். இப்போது தம்பி மகன் பார்க்கிறான், நான் காலையில் போய் பேப்பர் படித்துவிட்டு வருகிறேன். பில் போட்டுப் பழகியவன் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் சரக்கு இரண்டு வகை. க்ரானிக், அக்யூட். சர்க்கரை, பிரஷர் மாத்திரை க்ரானிக். ஒரு ஆள் ஆரம்பித்தால் மாதா மாதம் வருவார், தென்னை மரம் மாதிரி. ஆன்டிபயாட்டிக் அக்யூட். மழைக்கு முளைக்கிற காளான். ஆடியில் ஆரம்பித்து ஐப்பசி அடைமழை வரைக்கும் குடோனில் கால் வைக்க இடம் இருக்காது, மாசியில் ஈ ஓட்டுவோம். இந்தியச் சந்தையில் ஒரு காலத்தில் தொற்றுநோய் மருந்துகள்தான் முதலிடம். இப்போது அந்த இடத்தில் இதய நோய் மருந்துகள். கம்பெனிக்காரர்கள் எந்தப் பக்கம் ஆள் எடுக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். ரெப் பையன்கள் பத்துப் பேர் வந்தால் ஏழு பேர் பையில் சர்க்கரை மாத்திரை.

அதற்காக ஆன்டிபயாட்டிக்கில் காசே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஆகமென்டின் இந்தியாவில் அதிகம் விற்கும் மருந்துகளில் ஒன்று. அஜித்ரோமைசின், செஃபிக்ஸிம் எல்லாம் எத்தனை கம்பெனிப் பெயரில் என் அலமாரியில் இருந்தன என்று எண்ணியதே இல்லை. சரக்கு எல்லாம் ஒன்றுதான், போட்டி ஆஃபரில். பத்துக்கு ஒன்று ஃப்ரீ, பத்துக்கு இரண்டு ஃப்ரீ, சீஸன் முடிகிற நேரத்தில் பத்துக்கு நாலுகூடப் பார்த்திருக்கிறேன். காசு இருப்பது பழைய மருந்தில், அளவில்.

சில்லறைக் கடையில் நின்று பாருங்கள். "தொண்டை வலி, ரெண்டு அஜித்ரோ கட் பண்ணிக் குடுங்க" என்பார்கள். கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து ஐந்து மாத்திரை அட்டையில் இரண்டை வெட்டுவார். அட்டையின் ஓரத்தில், டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடாதே என்பதற்கு அடையாளமாகச் சிவப்புக் கோடு இருக்கும், அதையும் சேர்த்துத்தான் வெட்டு விழும். 2014 மார்ச் 1 முதல் எச்1 பட்டியல் என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. செஃபிக்ஸிம் உட்படப் பல ஆன்டிபயாட்டிக்குகளும் டிபி மருந்துகளும் அதில் வரும். மருந்து விற்றால் தனி நோட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். மாசக் கடைசியில் ஒரே பேனாவில் உட்கார்ந்து முழு நோட்டையும் எழுதியவர்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

உங்கள் அப்பாவுக்குப் போட்ட மருந்தின் கதை இதற்கு நேர்த் தலைகீழ். உலகச் சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று கட்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. உங்களுடையது கடைசிக் கட்டு, ரிசர்வ். வேறு எதற்கும் கேட்காதபோது மட்டும் எடு என்று அர்த்தம். நல்ல டாக்டர் என்றால் அதைத் தொடவே யோசிப்பார். யோசிக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் சீக்கிரம் ஆர் ஆகிவிடும். ஆக, மருந்து எவ்வளவு உசத்தியோ அவ்வளவு குறைவாக விற்கும். உங்கள் மண்டியில் முதல் தரக் குண்டு மஞ்சளை, வேறு மஞ்சள் கிடைக்காத வீட்டுக்கு மட்டும்தான் விற்கலாம் என்று சட்டம் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி.

அமெரிக்காவில் அக்கேயோஜென் என்று ஒரு கம்பெனி. பல வருஷம் உழைத்து பிளாசோமைசின் என்ற ஊசிக்கு 2018 ஜூனில் ஒப்புதல் வாங்கினார்கள். அந்த வருஷ மிச்சத்தில் அது விற்றது பத்து லட்சம் டாலர்கூட இல்லை. அவர்களுடைய ஆபீஸ் செலவுக்கே காணாது. 2019 ஏப்ரலில் திவால் மனு. மருந்து தோற்கவில்லை தம்பி, நன்றாக வேலை செய்கிறது. ஏலத்தில் சீனப் பகுதி நீங்கலாக உலக உரிமையை வாங்கியது நம் நாட்டு சிப்லாவின் அமெரிக்கக் கிளை. அதே 2019 டிசம்பரில் மெலின்டா என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் கம்பெனியும் மனுப் போட்டது. இதையெல்லாம் மோப்பம் பிடித்தோ என்னவோ, பெரியவர்கள் முன்பே நடையைக் கட்டிவிட்டார்கள். அஸ்ட்ராஜெனெகா 2016ல் தன் ஆன்டிபயாட்டிக் கடையை ஃபைசரிடம் விற்றது. உங்கள் அப்பாவின் ஊசியும் அந்த மூட்டையில் போனதுதான். 2018ல் நோவார்டிஸ் ஆராய்ச்சியையே மூடியது.

பங்குப்பித்தன் சொன்னதில் பாதிதான் சரி. கிலியட் நொடித்துப் போகவில்லையே ஐயா, சில வருஷத்தில் அள்ளிக்கொண்டல்லவா போனார்கள். அதே கம்பெனி இன்னும் கொழிப்பது எச்ஐவி மருந்தில். அதுவும் தொற்றுநோய்தான், ஆனால் தினமும் ஒரு மாத்திரை, ஆயுள் முழுக்க. என் கணக்கில் அது தென்னை. கிருமி மருந்து என்று ஒரே பெயர்ப் பலகை மாட்டியிருந்தாலும் உள்ளே நாலைந்து கடைகள் இருக்கின்றன, ஒன்றின் கணக்கு இன்னொன்றுக்கு ஒத்துவராது.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கோயில் தேர் வருஷத்துக்கு ஒரு நாள் ஓடும். தேர் ஓடின தூரத்துக்குக் காசு என்று கணக்குப் போட்டால் எந்த ஊரிலும் தேர் இருக்காது. அதனால்தான் தலைக்கட்டு வரி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வீட்டுக்கு இவ்வளவு. இங்கிலாந்தில் இதைத்தான் 2022ல் செய்து பார்த்தார்கள். உங்கள் அப்பாவுக்குப் போட்ட அதே மருந்து ஒன்று, செஃபிடெரோகால் என்று இன்னொன்று. எத்தனை குப்பி வாங்குகிறார்கள் என்ற பேச்சே கிடையாது, ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு அதிகபட்சம் 1 கோடி பவுண்டு அரசு கொடுத்துவிடும் என்று ஏற்பாடு. அமெரிக்காவிலும் இப்படி ஒரு மசோதா, பாஸ்டர் என்று பெயர், 2020 முதல் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார்கள், இழுத்துக்கொண்டே கிடக்கிறது.

லேப்_அக்கா

நான் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் நுண்ணுயிரி ஆய்வகத்தில் இருக்கிறேன். ஸ்டாக்கிஸ்ட் ஐயா சொன்னதற்கு ஒரு ஒட்டு.

மஞ்சள்மண்டி, கூடவே அஸ்ட்ரியோனாம் எழுதியிருக்கிறார்கள் என்றால் அநேகமாக உங்கள் அப்பாவின் கிருமியில், மெரோபெனம் போன்ற மருந்தை உடைத்துவிடும் என்டிஎம் என்ற நொதி இருந்திருக்கும். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பாருங்கள். அவிபாக்டம் தனியாக என்டிஎம்மிடம் எடுபடாது. அஸ்ட்ரியோனாமை என்டிஎம்மால் உடைக்க முடியாது, ஆனால் அதே கிருமி வைத்திருக்கும் வேறு நொதிகள் உடைத்துவிடும். அந்த வேறு நொதிகளை அவிபாக்டம் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இரண்டும் சேர்த்து. 2010ல் என்டிஎம் பற்றி உலகமே பேசிய ஆய்வில் சென்னை மாதிரிகளும் உண்டு, அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

"குறைவாக விற்கும்" என்பதில் மட்டும் எனக்கு ஒரு சங்கடம். பணக்கார நாட்டில் நோயாளி குறைவு, அதனால் விற்பனை குறைவு. இங்கே நோயாளி நிறைய. 2025ல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வு ஒன்று, இந்தியா உட்பட 8 நாடுகளில் 2019ல் கார்பாபெனெமுக்கு (மெரோபெனம் இந்த வகைதான்) கேட்காத தொற்றுகள் சுமார் 15 லட்சம் என்று கணக்கிட்டது. வாங்கப்பட்ட சரியான மருந்தை வைத்துப் பார்த்தால் 6.9 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைத்திருக்க முடியும். மிச்சப் பேருக்கு என்ன ஆனது என்பது எங்கள் பெஞ்சில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ரிப்போர்ட் டைப் செய்து முடிப்பதற்குள் வார்டிலிருந்து போன் வரும், "அந்த பேஷன்ட் ரிப்போர்ட் இனி வேண்டாம் மேடம்" என்று. தேவை என்பது வேறு, சந்தை என்பது வேறு. கையில் 1,26,000 உள்ளவர் மட்டும்தான் சந்தைக்குள் வருகிறார்.

இன்னொன்று. இந்த ஊசி எழுதுவதற்கு முன்னால் இப்படி ஒரு ரிப்போர்ட் வேண்டும். ரிப்போர்ட்டுக்கு லேப் வேண்டும். சின்ன ஊர்களில் பல இடங்களில் கல்ச்சர் வசதியே இல்லை. மருந்துக் கம்பெனி எந்த ஊரில் கடை விரிக்கும் சொல்லுங்கள்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. அப்பா வார்டுக்கு வந்துவிட்டார். நேற்று ரசம் சாதம் கேட்டார், உப்பு போதவில்லை என்று நர்ஸைத் திட்டினார். அதனால் தேறிவிட்டார் என்று எடுத்துக்கொண்டோம். ரிப்போர்ட்டில் பார்த்தேன், என்டிஎம் என்று போட்டிருக்கிறது அக்கா.

இரண்டு சந்தேகம். ஒன்று, புது மருந்துதான் இப்படி, பழைய மலிவு மருந்து செய்கிறவர்களாவது பிழைக்கிறார்களா? இரண்டு, டாக்டர் ஊசியை ஒரு நாள் முன்னதாகவே நிறுத்திவிட்டார். இரண்டு குப்பி மிச்சம், சீல் உடைக்கவில்லை. மருத்துவமனை பார்மசியில் ஒருமுறை வெளியே போனதைத் திருப்ப மாட்டோம் என்கிறார்கள். நாங்கள் எங்கே வெளியே கொண்டுபோனோம், கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில்தான் இருந்தது. ஐசியூ வாசலில் பழகிய பையன் ஒருவன், அவன் அம்மாவுக்கும் இதே மருந்துதானாம், பாதி விலைக்குக் கொடுங்கள் என்கிறான். கொடுக்கலாமா?

லேப்_அக்கா

கையோடு கை கொடுக்காதீர்கள். உதவக் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. எந்தச் சூட்டில் இருந்தது என்று யாருக்கும் தெரியாத குப்பியை ஐசியூவில் போட மாட்டார்கள், போடவும் கூடாது. அதோடு அந்த அம்மாவின் ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பழைய_ஸ்டாக்கிஸ்ட் (திருச்சி)

உப்பு கேட்டாரா, அப்போது கவலை இல்லை.

பழைய மருந்து கேட்டீர்கள். துறையூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா 21 நாளைக்கு ஒருமுறை என் கடைக்கு வருவார். மகளுக்கு ருமாட்டிக் இதய நோய். சின்ன வயதில் வந்த தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டு, அது இதய வால்வைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிள்ளைக்கு பென்சாதின் பென்சிலின், பன்னிரண்டு லட்சம் யூனிட் ஊசி, தவறாமல் போட வேண்டும். விலை ஒரு டீயும் இரண்டு வடையும். நான் மொத்த வியாபாரி, சில்லறை கொடுக்கக் கூடாது. ஆனாலும் எனக்குத் தெரிந்த கடைக்கு அந்த அம்மாவை அனுப்பி, அங்கே ஒரு பெட்டி எப்போதும் இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டேன். ஒரு வருஷம் சரக்கே வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால் "அடுத்த மாசம் சார்". மதுரைக்குக் கேட்டேன், சேலத்துக்குக் கேட்டேன். கடைசியில் தஞ்சாவூரில் ஒரு கடையில் ஒன்பது குப்பி இருந்தது. பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பச் சொன்னேன். அந்த அம்மா பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வாங்கிப் போனார்.

காரணம் சிம்பிள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற மருந்துக்கு அரசு உச்ச விலை வைக்கும். சந்தையில் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள பிராண்டுகளின் விலையைக் கூட்டிச் சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்துக் கட்டுவார்கள். பிள்ளைக்குட்டிக்காரனுக்கு நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்து ரூபாய் ஊசிக்கும் சுத்தமான ஆலை வேண்டும், ஆட்கள் வேண்டும், மூலப்பொருள் வேண்டும். மூலப்பொருளான பென்சிலின் ஜியை ஒரு காலத்தில் நாமே காய்ச்சினோம். சீனாக்காரன் விலையோடு மோத முடியாமல் ஆலைகள் ஒவ்வொன்றாக அடங்கின. பிறகு அரசு ஊக்கத்தொகை அறிவித்து, 2024ல்தான் காக்கிநாடாவில் அரபிந்தோ கம்பெனியின் புது ஆலையில் மறுபடி காய்ச்ச ஆரம்பித்தார்கள். ஆக, தலையில் இருக்கிற மருந்து விற்காததால் சாகிறது, வாலில் இருக்கிறது விலை இல்லாததால் சாகிறது. கொழுப்பது நடுவில் இருக்கிற அஜித்ரோ மட்டும்.

நம் ஊர்க் கதை ஒன்றும் உண்டு. சென்னையின் ஆர்க்கிட் கம்பெனி என்மெட்டாசோபாக்டம் என்று ஒரு மூலக்கூறு கண்டுபிடித்தது. மருந்தைத் தாக்கும் கிருமி நொதியை முடக்குகிற வகை. மனிதர்களிடம் பெரிய பரிசோதனை நடத்த ஏகப்பட்ட காசு ஆகும். அதனால் அலெக்ரா என்ற ஐரோப்பியக் கம்பெனியிடம் உரிமையைக் கொடுத்தார்கள். செஃபிபிம் என்ற பழைய ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் வந்தது. இடையில் ஆர்க்கிட்டே கடனில் மாட்டி, காரணம் வேறு, 2020ல் தனுகா என்ற கம்பெனியின் கைக்கு மாறிவிட்டது. மருந்து வந்து சேர்ந்தபோது வீட்டுக்காரரே மாறியிருந்தார்.

குப்பி விஷயம். அக்கா சொன்னதுதான். பார்மசி கவுன்டரில் நிற்கிற பையனிடம் மல்லுக்கட்டாதீர்கள், அவனுக்கு அதிகாரம் இல்லை. டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள், வார்டிலிருந்து ரிட்டர்ன் என்று அவர்கள் எழுதினால் வழி உண்டு. ஒரிஜினல் பில், அதில் உள்ள பேட்ச் நம்பர், குப்பியில் உள்ள பேட்ச் நம்பர், மூன்றும் ஒத்துப் போக வேண்டும். அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? அதுதான் முக்கியம்.

மஞ்சள்மண்டி (ஈரோடு)

ஐயா, ஒரு பெட்டி இருந்தது. இன்னொன்றில் தங்கச்சி மகன் படம் வரைந்து கிழித்து வைத்திருந்தான். சிஸ்டர் போன் போட்டுப் பேசினார், ஒன்றை எடுத்துக்கொண்டு 4,200க்கு பில்லில் கழித்தார்கள். அந்தப் பையனிடம் விஷயத்தைச் சொன்னேன், அவனும் அதே பார்மசியில் முழு விலைக்கு ஒன்று வாங்கினான். நாங்கள் திருப்பியதே அவனுக்குப் போயிருக்கும்.

மிச்சம் ஒரு குப்பி மண்டியில் என் மேஜையில் இருக்கிறது. எக்ஸ்பைரி அடுத்த மார்ச். மஞ்சள் சாம்பிள் கொண்டுவருகிற விவசாயிகள் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். விலையைச் சொன்னால், குவிண்டாலுக்கா என்கிறார்கள்.